வழிப்பறிக் கும்பல்களை ஒடுக்கிய மைசூர் திவான் பூர்ணய்யா

மைசூருக்குத் தெற்கே, கபினி ஆற்றங்கரையில் இருக்கிறது நஞ்சன்கூடு. நஞ்சுண்டேஸ்வரர் கோவில் ஊர். இன்று தொழிற்பேட்டை ஊரும் கூட. தமிழ்நாட்டில் இருந்து பிழைப்புக்கு வந்த எத்தனையோ பேர் இங்கே வேலை செய்கிறார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பையைத் தூக்கிக்கொண்டு சாம்ராஜ்நகர், திம்பம், சத்தியமங்கலம் வழியாக ஊருக்குப் போகிறார்கள். பஸ்சில் ஏறித் தூங்கிவிட்டால், கண் விழிக்கும்போது வீடு.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் இது நடக்காது. சம்பளப் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பியவன் வீடு போய்ச் சேருவான் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வழித்துணையாக வந்தவனே கழுத்தில் சுருக்குப் போட்டுவிடுவான். பிணம் கூடக் கிடைக்காது. வீட்டில் இருப்பவர்கள் வருடக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

அந்தக் கும்பல்களை மைசூர்ச் சீமையில் ஒடுக்கியவர் ஒரு கணக்குப்பிள்ளை. கோவைச் சீமையில் பிறந்து, மளிகைக் கடையில் கணக்கு எழுதி, மூன்று ஆட்சிகளில் பெரும் பதவி வகித்தவர். நஞ்சன்கூடு கோவிலை விரிவுபடுத்திக் கட்டியவர்களில் அவரும் ஒருவர். அவர்தான் திவான் பூர்ணய்யா.

மளிகைக் கடையில் தொடக்கம்

பூர்ணய்யா 1746-ல் பிறந்தார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மாத்வ பிராமணக் குடும்பம். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். குடும்பம் வறுமையில் வாடியது. சத்தியமங்கலத்தில் ஒரு செட்டியாரின் கடையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. அப்போது கோவைச் சீமை மைசூர் ஆட்சியில் இருந்தது.

பையன் கணக்கில் புலி. ஒரு தடவை பார்த்த கணக்கை மறக்க மாட்டான். கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். அந்தக் கடைக்காரருக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பெரிய வியாபாரி ஒருவரோடு கொடுக்கல் வாங்கல் உண்டு. அந்த வியாபாரி ஐதர் அலியின் அரண்மனைக்குச் சரக்கு அனுப்புகிறவர். இப்படிக் கடையில் இருந்து கடைக்கும், கடையில் இருந்து அரண்மனைக்கும் பூர்ணய்யா போய்ச் சேர்ந்தார்.

ஐதர் அலிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஆளை எடை போடத் தெரியும். பூர்ணய்யாவின் திறமையைக் கண்டுகொண்டார். படிப்படியாக உயர்த்தினார். கஜானாக் கணக்கும் படைச் செலவுக் கணக்கும் பூர்ணய்யாவின் கைக்கு வந்தன.

மறைக்கப்பட்ட மரணம்

1782 டிசம்பர் 7. சித்தூர் அருகே போர் முகாமில் ஐதர் அலி இறந்தார். மூத்த மகன் திப்பு மலையாளக் கரையில் இருந்தார். செய்தி வெளியே தெரிந்தால் படை கலைந்துவிடும். கலைந்த படை வழி நெடுகக் கொள்ளை அடிக்கும்.

பூர்ணய்யாவும் கிருஷ்ணராவ் என்ற இன்னொரு அதிகாரியும் கலந்து பேசினார்கள். மரணத்தை மறைத்தார்கள். உடலை ஒரு பெட்டியில் வைத்து, கஜானாப் பொருள் போவது போலக் கோலாருக்கு அனுப்பினார்கள். முகாமில் அன்றாட வேலைகள் வழக்கம்போல நடந்தன. திப்பு வந்து சேரும்வரை படை கட்டுக்குலையவில்லை.

சம்பளமும் கட்டுப்பாடும் இல்லாத படை என்ன செய்யும் என்பதைப் பூர்ணய்யா அன்றே தெரிந்துவைத்திருந்தார். பிறகு அது அவருக்குப் பெரிதும் பயன்பட்டது.

திப்புவின் ஆட்சியிலும் பூர்ணய்யா செல்வாக்கோடு இருந்தார். வருவாய்த் துறை அவர் பொறுப்பில் இருந்தது. போர்க்களத்திலும் படை நடத்தினார்.

சிறைக் கதவு திறந்தது

1799 மே 4. ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டையைப் பிடித்தது. திப்பு சுல்தான் போரில் மடிந்தார். ஜூன் 30-ந்தேதி மைசூரில் ஐந்து வயதுச் சிறுவன் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்கு முடி சூட்டினார்கள். மகாராணி லட்சுமம்மண்ணி அரச குடும்பத்தின் தலைவியாக இருந்தார். நிர்வாகம் முழுவதும் திவான் பூர்ணய்யாவின் தலையில் விழுந்தது.

அப்போது நாடு எப்படி இருந்தது?

திப்புவின் படையில் இருந்த ஆயிரக்கணக்கான வீரர்களுக்கு வேலை இல்லை. கையில் ஆயுதம் இருந்தது, வயிற்றில் பசி இருந்தது. ஐதரும் திப்புவும் ஒடுக்கி வைத்திருந்த பாளையக்காரர்கள் மறுபடியும் தலை தூக்கினார்கள். காட்டு வழிகளில் கொள்ளைக்காரர்கள் கும்பல் கும்பலாகத் திரிந்தார்கள். கோட்டை விழுந்த அன்று சிறைக் கதவுகளும் திறந்தன. உள்ளே இருந்தவர்களில் ஒருவன் தோண்டியா வாக்.

இரண்டு உலகங்களின் ராஜா

தோண்டியா சென்னகிரியில் பிறந்தவன். ஐதரின் குதிரைப்படையில் இருந்தவன். பிறகு தனியே ஆள் சேர்த்துக் கொள்ளை அடித்தான். திப்பு அவனைப் பிடித்துச் சிறையில் போட்டார். விடுதலை ஆனதும் அவன் முதலில் தேடியது வேலை இழந்த வீரர்களைத்தான். கொள்ளையில் பங்கு தருவதாகச் சொன்னான். கும்பல் கும்பலாகச் சேர்ந்தார்கள். பெத்தனூர்ச் சீமையில் ஊர்களைச் சூறையாடினான்.

1799-ல் ஆங்கிலேயப் படை அவனை விரட்டியது. துங்கபத்திரையைக் கடந்து மராட்டியச் சீமைக்குத் தப்பினான். அடுத்த ஆண்டே பெரும் குதிரைப்படையோடு திரும்பினான். இரண்டு உலகங்களின் ராஜா என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டான்.

அவனைத் துரத்தியவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் 1815-ல் வாட்டர்லூ போரில் நெப்போலியனைத் தோற்கடித்தவர் இவர்தான். குதிரைமேல் பறக்கும் கொள்ளைக்காரனைப் பிடிக்க வேண்டுமானால் துரத்தும் படை நிற்காமல் ஓட வேண்டும். அதற்குத் தானியமும் காளைகளும் தடையில்லாமல் பின்னால் வரவேண்டும். அந்த வேலையைப் பூர்ணய்யா செய்தார். மைசூர்க் குதிரை வீரர்களையும் அனுப்பினார்.

1800 செப்டம்பர் 10-ல் கோனகல் என்ற இடத்தில் தோண்டியா கொல்லப்பட்டான். அவன் மூட்டை முடிச்சுகளுக்கு இடையே ஒரு சிறுவன் கிடைத்தான். பெயர் சலாபத் கான். தோண்டியா வளர்த்த பிள்ளை. வெல்லெஸ்லி அந்தச் சிறுவனைக் காப்பாற்றி, அவன் வளர்ப்புக்குப் பணமும் கொடுத்து வைத்தார். பையன் பெரியவனாகி மைசூர் அரசிலேயே வேலைக்குச் சேர்ந்தான்.

கொள்ளைத் தலைவனின் மகன் அரசாங்கச் சம்பளக்காரன் ஆனான். அந்த ஒருவனுக்கு நடந்ததைப் பூர்ணய்யா பல ஆயிரம் பேருக்குச் செய்து காட்டினார்.

தந்தி கள்ளரு

தோண்டியா பகிரங்கமாகக் கொள்ளை அடித்தவன். அவனைவிட ஆபத்தானவர்கள் ஓசைப்படாமல் வேலை செய்தார்கள். வடக்கே அவர்களுக்குத் தக் என்று பெயர். தெற்கே பான்சிகர் என்றார்கள். பான்சி என்றால் சுருக்கு. கன்னடத்தில் தந்தி கள்ளரு என்று சொன்னார்கள். நரம்புக் கயிற்றால் கழுத்தை நெரிக்கும் திருடர்கள் என்று அர்த்தம்.

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த சில காலத்துக்குள் பெங்களூர் சுற்றுவட்டாரத்தில் சுமார் 100 பான்சிகர்கள் பிடிபட்டார்கள். ஆங்கிலேயர்கள் இந்தக் கும்பலைப் பற்றித் தெரிந்துகொண்டது அப்போதுதான். அவர்கள் தனி ஒரு தொழிலாகவே கொலை செய்து வருகிறவர்கள் என்பது அப்போதும் முழுதாகப் புரியவில்லை. சென்னைக் கோட்டையில் டாக்டராக இருந்த ஷெர்வுட் 1816-ல் எழுதிய கட்டுரையில்தான் தென்னாட்டுக் கும்பல்களின் கதை விரிவாக வெளிவந்தது.

அவர்களுடைய முறை இதுதான். பத்துப் பேர், இருபது பேர், ஐம்பது பேர் என்று கிளம்புவார்கள். ஆனால் ஒன்றாக நடக்க மாட்டார்கள். சிறு சிறு கூட்டமாகப் பிரிந்து வருவார்கள். பார்த்தால் வியாபாரிகள் போல இருப்பார்கள். அல்லது வேலை தேடிப் போகிறவர்கள் போல இருப்பார்கள். இந்துக்களும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. சத்திரத்தில் வழிப்போக்கரோடு பேச்சுக் கொடுப்பார்கள். எங்கே போகிறான், மடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். காட்டு வழியில் திருடர் பயம் இருக்கிறது, சேர்ந்தே போகலாம் என்று நல்லவர்கள் போலச் சொல்வார்கள்.

ஆள் நடமாட்டம் இல்லாத இடம் வந்ததும் ஒருவன் சுருக்கைப் போடுவான். இன்னொருவன் இழுப்பான். மூன்றாமவன் காலை வாரி விடுவான். சில நிமிஷங்களில் எல்லாம் முடிந்துவிடும். ஓடை மணலிலோ ஆற்றுப் படுகையிலோ புதைத்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். தங்கள் ஊருக்கு அருகே கைவரிசை காட்ட மாட்டார்கள். ஊரில் அவர்கள் குடியானவர்கள். ஏர் ஓட்டுவார்கள், வரி கட்டுவார்கள்.

அவர்களிடம் அதிகம் சிக்கியவர்கள் லீவில் ஊருக்குப் போன சிப்பாய்கள். பல மாதச் சேமிப்பைப் பணமாகவே எடுத்துக்கொண்டு போனார்கள். குறித்த நாளில் திரும்பாவிட்டால், பட்டாளத்தில் ஓடிப்போனவன் என்று எழுதிவிடுவார்கள். செத்தவனுக்குக் கெட்ட பெயரும் சேர்ந்தது. 1810-ல் வட இந்தியாவில் செயிண்ட் லெஜர் என்ற தளபதி ஓர் உத்தரவு போட்டார். சிப்பாய்கள் இரவில் பயணம் செய்யக்கூடாது, முன்பின் தெரியாதவர்களோடு சேரக்கூடாது, பணத்தைக் கையில் கொண்டுபோகாமல் உண்டியலாக மாற்றி அனுப்ப வேண்டும் என்பது அந்த உத்தரவு. பிற்காலத்தில் தபால் மணியார்டர் செய்த வேலைக்கு இது முன்னோடி.

பங்கு வாங்கிய பெரிய மனிதர்கள்

இத்தனை பேர் எப்படித் தப்பினார்கள்? அவர்களுக்கு நிழல் கொடுத்தவர்கள் இருந்தார்கள். சில பாளையக்காரர்களும் ஊர்த் தலைவர்களும் கொள்ளையில் பங்கு வாங்கிக்கொண்டு கண்டும் காணாமல் இருந்தார்கள். எல்லை தாண்டினால் வேறு ஆட்சி, வேறு அதிகாரி. ஒரு சீமையில் கொன்றவன் இன்னொரு சீமையில் குடியானவனாக இருந்தான்.

1807-ல் சித்தூருக்கும் ஆற்காட்டுக்கும் இடையே ஒரு கும்பல் பிடிபட்டது. அவர்கள் திருவிதாங்கூர்வரை போய்க் கொள்ளைப் பொருளோடு திரும்பிக்கொண்டு இருந்தார்கள். தென்னாட்டின் ஒரு மூலையில் இருந்து இன்னொரு மூலைவரை அவர்களுடைய வேட்டைக்காடு விரிந்திருந்தது.

ஐதர் பிடிபட்டவர்களைச் சட்டென்று தண்டித்தார். பலரைக் கொன்றார். திப்பு காலத்தில் கடின வேலைத் தண்டனை கொடுத்தார்கள். ஆனாலும் கும்பல்கள் அழியவில்லை. இந்த நிலையில்தான் பொறுப்பு பூர்ணய்யாவிடம் வந்தது.

முதல் வழி: தூக்கு

பூர்ணய்யா திவானாக இருந்த காலத்தில் சாலை வழிப்பறி பெருகியது. அதற்கு மரண தண்டனை என்று விதித்தார். பான்சிகர்கள் பலர் தூக்கில் தொங்கினார்கள். கண்டிப்பில் அவர் சளைத்தவர் அல்ல.

ஆனால் எல்லாவற்றுக்கும் தூக்கு என்று அவர் போகவில்லை. சாதாரணத் திருட்டுக்குச் சிறையும் கடின வேலையும்தான். வழக்குகளைக் கேட்க ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தனி நீதி இலாகா இருந்தது. அங்கே பண்டிதரும் காஜியும் இருந்தார்கள். ஊர் வழக்குகளைப் பஞ்சாயத்து விசாரித்தது.

இரண்டாவது வழி: சம்பளம்

பூர்ணய்யாவின் உண்மையான சாமர்த்தியம் இங்கேதான் தெரிந்தது. ஒரு கொள்ளைக்காரனைத் தூக்கில் போடலாம். பத்துப் பேரைப் போடலாம். வேலை இழந்த பட்டாளம் முழுவதையும் தூக்கில் போட முடியாது. அவர்கள் அடுத்த தோண்டியாவைத் தேடிப் போவார்கள்.

மைசூரில் கந்தாச்சாரம் என்ற பழைய ஏற்பாடு ஒன்று இருந்தது. ஊர்க்காவல் படை என்று சொல்லலாம். பூர்ணய்யா அதைப் பெரிதாக்கினார். திப்புவின் படையில் இருந்தவர்களையும் பாளையக்காரர்களிடம் இருந்த ஆட்களையும் ஆயிரக்கணக்கில் அதில் சேர்த்தார். அவர்கள் சொந்த ஊரிலேயே இருக்கலாம், நிலத்தில் உழலாம். மாதம் ஒரு சிறு தொகை சம்பளம் உண்டு. வெளியூருக்கு அனுப்பினால் கூடுதல் படி உண்டு. கோட்டைக் காவல், கஜானாக் காவல், வழிக் காவல், திருடனைத் துரத்துவது எல்லாம் அவர்கள் வேலை.

இதில் இரண்டு லாபம். ஆயுதம் பிடிக்கத் தெரிந்தவன் கொள்ளைக் கூட்டத்துக்குப் போகாமல் நின்றான். காட்டு வழிகளும் பதுங்கும் இடங்களும் தெரிந்தவனே காவல்காரன் ஆனான்.

ஊரில் ஏற்கனவே தளவாரி, தோட்டி என்ற காவல்காரர்கள் இருந்தார்கள். திருட்டுப் போனால் துப்புக் கண்டுபிடிக்க வேண்டியது தளவாரியின் பொறுப்பு. அடிச்சுவட்டைப் பார்த்துக்கொண்டே போவார்கள். அது பக்கத்து ஊர் எல்லையில் நுழைந்தால், பிறகு அந்த ஊர்க்காரன் பதில் சொல்ல வேண்டும். இப்படிக் கிராமத்தில் தளவாரி, அதற்கு மேலே கந்தாச்சாரம், அதற்கும் மேலே குதிரைப்படை என்று ஒரு சங்கிலி உண்டாயிற்று.

பதவி ஏற்றதுமே பூர்ணய்யா பழைய வரி பாக்கி முழுவதையும் தள்ளுபடி செய்தார். போரினால் நொந்து கிடந்த குடியானவன் நிலத்துக்குத் திரும்பினான். கும்பல்களுக்குப் புதிய ஆள் கிடைப்பது குறைந்தது.

மூன்றாவது வழி: கண்ணுக்கு எதிரே

பாளையக்காரர்களைப் பூர்ணய்யா எப்படிச் சமாளித்தார்? அடங்கியவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தார். சிலருக்குப் படையில் பதவி கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வந்து குடியிருக்க வேண்டும். காட்டுக் கோட்டையில் உட்கார்ந்து கும்பலை வளர்த்தவர்கள் இப்போது திவானின் கண்ணுக்கு எதிரே இருந்தார்கள்.

அடங்காதவர்களின் கதி வேறு. மேற்கு மலையில் பலம் என்ற சீமையின் நாயகர் எதிர்த்து நின்றார். மலைச் சாலைகளை அடைத்தார். 1802 ஜனவரியில் வெல்லெஸ்லியின் படை அவருடைய அரண்களைத் தகர்த்தது. அடுத்த மாதம் அவரைப் பிடித்துத் தூக்கில் போட்டார்கள்.

பாலமும் சத்திரமும்

கும்பல்கள் குறைந்ததும் சாலைகளில் போக்குவரத்துப் பெருகியது. பூர்ணய்யா சாலைகள் போட்டார். சத்திரங்கள் கட்டினார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரியின் குறுக்கே 1804-ல் கல் பாலம் கட்டி முடித்தார். அப்போதைய கவர்னர் ஜெனரலின் பெயரால் அது வெல்லெஸ்லி பாலம் ஆயிற்று. கல் தூண்கள் மீது கற்பலகைகளைப் பாவிய அந்தப் பாலம் இன்றும் நிற்கிறது. காவிரித் தண்ணீரை மைசூருக்குக் கொண்டுவர ஒரு கால்வாயும் வெட்டத் தொடங்கினார். அது முடியாமல் நின்றுவிட்டது. பூர்ணய்யா கால்வாய் என்ற பெயர் மட்டும் நிலைத்தது.

நஞ்சன்கூடு கோவில் திருப்பணியும் அவர் செய்த வேலைகளில் ஒன்று. அந்தக் கோவிலுக்கு ஒரு சிறப்பு உண்டு. திப்புவின் யானைக்குக் கண் நோய் வந்ததாகவும், இங்கே வேண்டிக்கொண்டதும் குணமானதாகவும் சொல்வார்கள். திப்பு பச்சைக்கல் லிங்கம் ஒன்றைக் கொடுத்து, ஹக்கீம் நஞ்சுண்டன் என்று சுவாமிக்குப் பெயரும் வைத்ததாக வழக்கு. ஹக்கீம் என்றால் வைத்தியர்.

கபினியின் குறுக்கே உள்ள நஞ்சன்கூடு பாலம் பூர்ணய்யா காலத்துக்கும் முந்தியது. தளவாய் தேவராஜர் 1735-ல் கட்டியது. பிற்காலத்தில் ரயிலும் வண்டிகளும் அந்த ஒரே பாலத்தின் மேல் போயின. அகல ரயில் பாதை வந்த பிறகு ரயில் வேறு பாலத்துக்கு மாறியது.

பாலம் எத்தனை பலமாக இருந்து என்ன? அதைத் தாண்டிய பிறகு காட்டு வழியில் உயிருக்குப் பயம் என்றால், பாலத்தில் ஏற ஆள் வராது. சாலைக் காவலும் சாலைப் பணியும் ஒன்றாகப் போக வேண்டும் என்பது பூர்ணய்யாவின் கணக்கு.

குறைகளும் உண்டு

பூர்ணய்யாவைக் குறை சொன்னவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஐதருக்கும் திப்புவுக்கும் வேலை செய்தவர், அவர்கள் எதிரியான ஆங்கிலேயரோடும் சேர்ந்துகொண்டார் என்பது ஒரு புகார். கஜானாவை நிரப்புவதில் மிகவும் கறாராக இருந்தார் என்பது இன்னொன்று. திவான் பதவி தம் குடும்பத்துக்கே பரம்பரையாக வேண்டும் என்று ஆசைப்பட்டார். மகாராணி அதற்கு இடம் கொடுக்கவில்லை. இளம் அரசருக்கும் அவருக்கும் கடைசியில் மனக்கசப்பு ஏற்பட்டது.

1807-ல் ஏளந்தூர் ஜாகீர் அவருக்குக் கொடுக்கப்பட்டது. நஞ்சன்கூட்டுக்குக் கிழக்கே இருக்கும் ஊர் அது. 1811-ல் அரசரிடம் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டு விலகினார். சில மாதங்களில், 1812 மார்ச் மாதக் கடைசியில், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காலமானார். அவர் வழிவந்த பி.என்.கிருஷ்ணமூர்த்தி 1901 முதல் 1906 வரை மைசூர் திவானாக இருந்தார்.

சம்பள பாக்கி விழுந்தது

பூர்ணய்யா விட்டுப் போன கஜானா சில ஆண்டுகளில் கரைந்தது. படைகளுக்கு மாதக்கணக்கில் சம்பள பாக்கி விழுந்தது. வரி வசூலிக்க வந்த அதிகாரிகள் குடியானவர்களைக் கசக்கிப் பிழிந்தார்கள்.

1830-ல் நகரச் சீமையில் கலகம் வெடித்தது. குடியானவர்களின் குறைகள் நியாயமானவை. ஆனால் கலகத்தின் தலைமையில் வந்து உட்கார்ந்தவன் பூதி பசவப்பா என்பவன். அவன் கொள்ளைக் குற்றத்துக்காகச் சிறையில் இருந்தவன் என்று அரசுக் குறிப்புகள் கூறுகின்றன. நகரத்து அரச வம்சத்தவன் என்று சொல்லிக்கொண்டு வந்தான். பாளையக்காரர்களின் வாரிசுகளும் சேர்ந்துகொண்டார்கள். பூர்ணய்யா 1799-ல் பார்த்த அதே காட்சி மறுபடியும் வந்தது. 1831-ல் ஆங்கிலேயர்கள் மைசூர் நிர்வாகத்தைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டார்கள். அரச குடும்பத்துக்கு அது திரும்பக் கிடைக்க 50 ஆண்டுகள் ஆயின.

வடக்கே நடந்தது

அதே காலத்தில் வடக்கே ஸ்லீமன் என்ற அதிகாரி தக் கும்பல்களை வேட்டையாடினார். பிடிபட்டவர்களை அப்ரூவர் ஆக்கினார். அவர்கள் வாயில் இருந்து பெயர்களை வாங்கி, கும்பல் கும்பலாகப் பிடித்தார். புதைத்த இடங்களைத் தோண்டிப் பிணங்களை எடுத்தார். 1835-ல் அதற்கென்றே ஏற்பட்ட இலாகாவுக்குத் தலைவர் ஆனார். 1836-ல் வந்த சட்டத்தின்படி, குறிப்பிட்ட ஒரு கொலை நிரூபணம் ஆகாவிட்டாலும், தக் கும்பலைச் சேர்ந்தவன் என்று தெரிந்தாலே ஆயுள் தண்டனை. பிடிபட்டவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ஜபல்பூரில் கூடாரத் துணியும் கம்பளமும் நெய்யக் கற்றுக்கொடுத்தார்கள்.

ஸ்லீமனின் வேலையால் சாலைகளில் பயம் நீங்கியது உண்மை. ஆனால் அப்ரூவர் சொன்ன பெயர்களில் எத்தனை பேர் நிரபராதிகள் என்ற கேள்வியைச் சரித்திர ஆசிரியர்கள் எழுப்பி வருகிறார்கள். குற்றம் என்பது ரத்தத்தில் வருவது என்ற எண்ணமும் அப்போது வேர் பிடித்தது. அதன் விளைவு 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம். ஒரு சாதியில் பிறந்தாலே குற்றவாளி என்று எழுதிக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் ரேகைச் சட்டம் என்று அதைச் சொல்வார்கள். 1920 ஏப்ரல் 3-ல் மதுரைச் சீமையில் பெருங்காமநல்லூர் மக்கள் கைரேகை வைக்க மறுத்தபோது போலீஸ் சுட்டது. பலர் பலியானார்கள். சுதந்திரம் வந்த பிறகுதான், 1952-ல், நாடு முழுவதும் அந்தச் சட்டம் ஒழிந்தது.

கணக்குப்பிள்ளையின் கணக்கு

பூர்ணய்யாவின் முறையிலும் தூக்கு இருந்தது. ஆனால் தூக்கோடு நின்றுவிடவில்லை. கொலை செய்தவனைத் தண்டித்தார். கும்பலுக்கு நிழல் கொடுத்த பெரிய மனிதனைத் தம் எதிரே கொண்டுவந்து உட்கார வைத்தார். கும்பலில் சேரக்கூடிய ஏழைக்குச் சம்பளம் கொடுத்தார். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் கணக்கு உதைக்கும் என்பதை, அவருக்குப் பின் வந்த இருபது ஆண்டுகள் காட்டின.

நஞ்சன்கூட்டில் தேர்த் திருவிழா நாட்களில் பெரும் கூட்டம் கூடுகிறது. கொங்குச் சீமையில் இருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். கபினியில் முழுகி, சுவாமி கும்பிட்டு, ரசபாளை வாழைப்பழம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். மடியில் இருக்கும் பணத்தைப் பற்றிப் பெரிய கவலை இல்லை.

அந்தச் சாலையில் பயம் இல்லாமல் போக முதலில் வழி செய்தவர், கோவைச் சீமையில் இருந்து பிழைப்புத் தேடி மைசூருக்கு வந்த ஒரு கணக்குப்பிள்ளை.